வெள்ளிக்கிழமை இல்லாத காலண்டர்

குடவாசல் அருகில்,
ஐப்பசி, வெள்ளிக்கிழமை.
(வெள்ளிக்கிழமைதான். இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டேன்.)

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மாமா அவர்களுக்கு,

மயிலாடுதுறை ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் திரு. தங்கையன் அவர்களை இருந்த இடத்திலிருந்தே விழுந்து வணங்கி, மாப்பிள்ளை தமிழரசன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் அக்கா ஞானாம்பாளும், தங்கள் பேத்தி குந்தவையும் நலம். சம்பா பயிர் பச்சை பிடித்துவிட்டது. மழை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் வயல் தாங்கும். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், மாடிக் குடித்தனக்காரரோடு இருந்த தகராறு தீர்ந்திருக்கும் என்றும் நம்புகிறேன். மஸ்கட்டில் தங்கள் மகள் வானதி நலம். ஆஸ்பத்திரியில் வேலை அதிகம் என்று சொன்னாள். இதுவரை எழுதியது மரியாதைக்கு. இனிமேல் எழுதப் போவதைத் தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

போன சனிக்கிழமை தங்கள் கடிதம் கிடைத்தது. கீழே நீங்கள் போட்டிருந்த இங்கிலீஷ் கையெழுத்தைப் பார்த்து நான் ஒரு நிமிஷம் எழுந்தே நின்றுவிட்டேன். பேத்திக்கு வருகிற வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கர்சிவ் பரீட்சை இருப்பதாகவும், ஏழு கிழமைகளையும் பிசகில்லாமல் சேர்த்து எழுதிவிட்டால் அவள் என்னிடமே இருக்கலாம் என்றும், இல்லாவிட்டால் அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை தாங்களே வந்து அவளை மயிலாடுதுறைக்கு அழைத்துப் போய் அங்கே ஒரு நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடப் போவதாகவும், வானதியிடம் பேசியாகிவிட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். பிரின்சிபால் தங்களிடம் படித்தவர் என்பதால் பரீட்சை முடிவு நேராகத் தங்களுக்கே வந்துவிடும் என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இதைப் போனில் பேசாமல் ஏன் கடிதம் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். புதன்கிழமை மதகைத் திறக்கக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து போன் வாய்க்காலில் விழுந்துவிட்டது. எடுத்து அரிசி டிரம்மில் புதைத்து வைத்திருக்கிறேன். அக்கா சோறு வடிக்க அரிசி எடுக்கும்போதெல்லாம் அதைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் எடுக்கிறாள்.

நான் சொல்லிக்கொடுக்கவில்லை என்று மட்டும் நினைக்காதீர்கள் மாமா. நான் தமிழ் மீடியம். கர்சிவ் என்றால் என்ன என்பதே குழந்தையின் நோட்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். எழுத்தெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டுமாம். சாய்ந்த பயிரைப் பார்த்தாலே ஓடிப்போய் நிமிர்த்திக் கட்டுகிறவன் நான். ஒரு மழைக்குக் கதிர் சாய்ந்தால் போட்ட முதல் போச்சு என்று பழகியவனிடம், சாய்த்து எழுதினால்தான் மார்க் என்றால் எப்படிக் கை வரும்? அவள் சாய்த்து எழுதியதையெல்லாம் நான் முதல் வாரம் முழுக்க ரப்பரால் அழித்து நிமிர்த்திவிட்டேன். பிரகதீஸ்வரி மிஸ் கூப்பிட்டு அனுப்பி, "சார், நீங்க எதுவும் செய்யாம இருந்தாலே பாதி வந்துடும்" என்றார்கள். அதற்குப் பிறகு நான் எனக்குத் தெரிந்த முறைக்கு வந்தேன். நாலு கோடு நோட்டில் மேல்கோடு மேல்வரப்பு, கீழ்கோடு கீழ்வரப்பு, வால் உள்ள எழுத்தெல்லாம் வாலை வடிகாலில் விட வேண்டும், தலை உள்ள எழுத்து வரப்பில் தலை வைக்க வேண்டும், நடுவில் பென்சிலைத் தூக்கினால் நடவு கோணலாகிவிடும் என்று சொன்னேன். குழந்தைக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. ஒரே ஒரு சங்கடம், எந்தத் தாளை எடுத்தாலும் உச்சியில் பிள்ளையார் சுழி போடச் சொல்லி அக்கா பழக்கியிருந்தாள். மிஸ் அதையும் ஒரு எழுத்து என்று எண்ணிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, சாய்வு போதாது என்று குறித்து அனுப்பினார்கள். பிள்ளையாரையே சாய்க்கச் சொல்கிற பள்ளிக்கூடம் என்று அக்கா அன்றைக்கு முழுக்கப் புலம்பினாள்.

தினமும் கண்ணில் படுகிற வார்த்தைகளையே எழுத வைத்தால்தான் கை ஓடும், கிழமையும் மாசமும்தான் அதற்குத் தோது என்றும் மிஸ்தான் சொன்னார்கள். கூடத்தில் உரக்கடைக்காரர் கொடுத்த தினசரி காலண்டர் தொங்குகிறதே, அது போதாதா என்று நினைத்தேன். காலையில் எழுந்ததும் தேதித் தாளைக் கிழிப்பது குந்தவை வேலை. கிழித்த தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அதில் அந்தந்தக் கிழமையின் இங்கிலீஷ் பெயரைப் பார்த்து எழுத வேண்டும். தாளில் தமிழிலும் இங்கிலீஷிலும் கிழமை போட்டிருப்பதால், எந்தத் தாளைக் காட்டினாலும் இது மண்டே, இது தர்ஸ்டே என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாள். நானே கர்வப்பட்டேன். என்ன படிப்பைச் சொல்லிக் கொடுத்தேன் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்று காலை நடந்ததைக் கேளுங்கள். வழக்கம்போல் வியாழக்கிழமைத் தாளைக் கிழித்தாள். கீழே சனிக்கிழமை. யாரும் தேதியைப் பார்க்கவில்லை. காலண்டரில் தேதியை யார் மாமா பார்க்கிறார்கள்? கிழமையும் ராகு காலமும்தானே பார்க்கிறோம். போன் அரிசியில் கிடக்கிறது, மழையில் கேபிளும் இல்லை, ரீசார்ஜ் செய்யாமல் கிடக்கிற அக்காவின் பட்டன் போனில் வருஷம் முழுக்க ஜனவரி ஒன்றுதான். சனிக்கிழமை என்று தெரிந்ததும் வீடே சனிக்கிழமையாகிவிட்டது. அக்கா குளித்துவிட்டுச் சனீஸ்வரனுக்கு எள் விளக்கு ஏற்றினாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக மகாலட்சுமி வாசலில் நிற்க, உள்ளே சனீஸ்வரனுக்கு உபசாரம் நடந்திருக்கிறது. இதற்கு என்ன பரிகாரம் என்று அவள் இன்னும் யாரிடமும் கேட்கவில்லை, பயமாக இருக்கிறதாம். நான் ஆம்பளைக்கு எண்ணெய்க் குளியல் நாளாயிற்றே என்று உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை நல்லெண்ணெய் பூசிக்கொண்டு, மத்தியானம்வரை ஊறட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். பரீட்சை நேற்று முடிந்திருக்குமே என்று தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். எனக்கு ஞாபகத்தில் இருந்ததெல்லாம் வெள்ளிக்கிழமை பரீட்சை என்பதுதான். வெள்ளிக்கிழமை இன்னும் வரவில்லையே! வராத கிழமையைப் பற்றி மனிதன் எப்படிக் கவலைப்படுவான்?

எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வேன் வந்து ஹாரன் அடித்தது. அக்காதான் வாசலுக்குப் போனாள்.

"பாப்பா கிளம்பலையாம்மா?" என்று டிரைவர் குணசேகரன் கேட்டிருக்கிறார்.

"சனிக்கிழமை கூட விடமாட்டீங்களாப்பா? புள்ளைங்க என்ன பம்புசெட்டா, நாள் பூரா ஓட?"

"இல்லம்மா, இன்னைக்கு..."

"ஸ்பெஷல் கிளாஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். புள்ளைய நாங்க பெத்து வச்சிருக்கோம், உங்க பிரின்சிபால் பெத்து வைக்கல. போங்கப்பா."

குணசேகரனும் குழம்பிப்போய்த் தன் போனை எடுத்துப் பார்க்கப் போனாராம். அதற்குள் அக்கா கதவைச் சாத்திவிட்டாள். குந்தவை தூணுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள், வாயைத் திறக்கவில்லை. பள்ளிக்கூடம் இல்லை என்றால் ஆட்டம் போடுகிற குழந்தை, ஏன் இப்படிப் பம்மிக்கொண்டு திரிகிறது என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். எண்ணெய் கண்ணில் இறங்கிவிட்டது, கவனிக்கவில்லை.

பகல் பன்னிரண்டு மணி இருக்கும். அடுத்த வயல்காரர் மூஸா பாய், வெள்ளைக் கைலி, வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பியோடு மதகுச் சாவி வாங்க வந்தார். கூடமெல்லாம் அத்தர் வாசனை.

"என்ன பாய், சனிக்கிழமையும் மணக்குறீங்க, எங்க விசேஷம்?" என்றேன்.

"விசேஷமா? ஜும்ஆ தொழுகைக்குப் போறேன் தமிழு."

"அது நேத்தே முடிஞ்சிருக்குமே."

மூஸா என்னை மேலும் கீழும் பார்த்தார். எண்ணெய் வழிகிறதே, தலைக்கு ஏறிவிட்டதோ என்று நினைத்திருப்பார். "நேத்து வியாழன். எங்க பள்ளிவாசல்ல வியாழனுக்கு அப்புறம் வெள்ளிதான் வருது. உங்க வீட்டுல எப்படி?" என்றார்.

நான் காலண்டரைக் காட்டினேன். அவர் கிட்டே போய் விரலை வைத்துப் பார்த்தார். "கிழிச்சுப் போட்டது ஆறு. தொங்குறது எட்டு. ஏழு எங்கே?" என்று கேட்டுவிட்டு, தாள்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "அட, அடுத்த வாரத்துலயும் இல்ல. அதுக்கடுத்த வாரத்துலயும் இல்ல. யாருங்க எங்க வெள்ளிக்கிழமையை எல்லாம் எடுத்தது?" என்றார். அவர் சிரித்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. வெள்ளி! பரீட்சை! பிரின்சிபால்! மாமா! குந்தவை கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். காலைப் பிடித்து இழுத்து, யூனிபார்மை மாட்டி, நான் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு (உள்பக்கம் வெளியே இருந்ததைப் பிரகதீஸ்வரி மிஸ்தான் பிறகு சொன்னார்கள்) எக்ஸெல் வண்டியில் பறந்தேன். தூறல் வேறு. உடம்பெல்லாம் எண்ணெய், கை ஆக்சிலேட்டரில் நிற்கவில்லை, வழுக்குகிறது. முன்னால் நிற்கிற குழந்தை, "மெதுவாப் போப்பா, மெதுவாப் போ" என்று கெஞ்சுகிறாள். விழுந்துவிடுவோம் என்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன். போய்ச் சேரவே கூடாது என்று நினைத்திருக்கிறாள், பாவி மகள்.

பள்ளிக்கூடத்துக்குப் போனால் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நான் இருந்த கோலம் அப்படி. குழந்தையைக் காட்டி, கையெடுத்துக் கும்பிட்டு உள்ளே போனேன். மிஸ் விடைத்தாள்களை நூல் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். "ஆப்சென்ட் போட்டாச்சே சார்" என்றார்கள். நான் அந்த வகுப்பில், அந்தச் சின்னச் சின்ன பெஞ்சுகளுக்கு நடுவில் நின்று, அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். மாமனார், மயிலாடுதுறை, அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாம். கேட்டுவிட்டு அவர்கள் குந்தவையை ஸ்டூலில் ஏற்றிக் கையில் சாக்பீஸைக் கொடுத்தார்கள். "ஏழு கிழமையையும் போர்டுல எழுது கண்ணு, நான் பார்த்துக்கறேன்" என்றார்கள்.

மாமா, அறுவடை மிஷின் வருகிற அன்றைக்கு மேற்கே கறுத்தால் எப்படி இருக்குமோ, அப்படி நின்றேன். சண்டே எழுதினாள். பிசகில்லை. மண்டே எழுதினாள். வால் வடிகாலில் சரியாக இறங்கியது. டியூஸ்டே, வெட்னஸ்டே, தர்ஸ்டே, கை தூக்கவில்லை, ஒரே இழுப்பு, எல்லாம் ஒரே சாய்வு. பிறகு ஒரு வரி இடம் விட்டு, சாட்டர்டே எழுதினாள். அந்தக் கடைசி எழுத்தின் வால் இருக்கிறதே, உங்கள் இங்கிலீஷ் கையெழுத்தில் பார்த்த அதே வளைவு. சாக்பீஸை வைத்துவிட்டு இறங்கிவிட்டாள்.

"நடுவுல ஒண்ணு விட்டுட்டியே கண்ணு" என்றார்கள் மிஸ்.

"அது இல்ல மிஸ்."

"எது இல்ல?"

"அந்தக் கிழமை இல்ல. தீந்துபோச்சு."

மிரட்டிப் பார்த்தோம், மிட்டாய் தருவதாகச் சொன்னோம், மிஸ் அவள் கையைப் பிடித்து எழுத வைக்கப் பார்த்தார்கள். கையை முறுக்கிப் பின்னால் வைத்துக்கொண்டாள். கடைசியில் மிஸ், "சார், எழுதினதுல குத்தமே இல்ல. வகுப்பிலேயே இதுதான் நல்ல எழுத்து. ஆனா வாரத்துக்கு ஆறு நாள் போதும்னு நான் ரிப்போர்ட் எழுத முடியாதே" என்றார்கள். நியாயம்தான். ஆகவே மாமா, தங்களுக்கு வரப்போகிற முடிவு, தேறவில்லை என்பதுதான்.

திரும்பி வரும்போது வாய்க்கால் மதகடியில் வண்டியை நிறுத்தினேன். ஒரு அடி போடத்தான் நிறுத்தினேன், பொய் சொல்ல மாட்டேன். "ஏன்டி இப்படிப் பண்ணுன?" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "வெள்ளிக்கிழமைதானே தாத்தா வந்து என்னைக் கூட்டிட்டுப் போவாங்க? நீ அத்தைக்கிட்டப் படிச்சுக் காட்டுனியே. எந்த வெள்ளிக்கிழமைன்னு எனக்குத் தெரியலை. அதான் எல்லாத்தையும் கிழிச்சிட்டேன்" என்றாள். கிழித்த தாள்களை என்ன செய்தாய் என்று கேட்டேன். ஒவ்வொன்றின் பின்னாலும் ஃப்ரைடே என்று அழகாக எழுதி, கப்பல் செய்து, வாய்க்காலில் விட்டுவிட்டாளாம். வீட்டுப்பாடத்தை விடவில்லை பாருங்கள். இந்த வருஷத்தின் மிச்ச வெள்ளிக்கிழமை எல்லாம் இந்நேரம் வேளாங்கண்ணிப் பக்கம் கடலில் கலந்திருக்கும். அடிக்க ஓங்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் என் தலை எண்ணெயையே தேய்த்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது மாமா. மழை பெய்துகொண்டிருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை.

இப்போது மாப்பிள்ளை என்ற மரியாதையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுக் கேட்கிறேன். நாற்று என்றால் பிடுங்கி நடத்தான் வேண்டும், அப்போதுதான் தூர் கட்டும் என்று போன தடவை வந்தபோது சொன்னீர்கள். விவசாயியிடமே விவசாயம் சொன்னீர்கள், நானும் தலையாட்டினேன். பிடுங்கிய பிறகு அந்த நாற்றங்கால் என்ன ஆனது என்று யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா? வானதி மஸ்கட் போனதிலிருந்து இந்த வீட்டில் ஒரு குரல் கேட்கிறதென்றால் அது இவள் குரல்தான். அதையும் எடுத்துக்கொண்டு போனால் நான் யாரோடு பேசுவது, சம்பாவோடா? எழுத்து வரவில்லை என்றீர்கள். எழுத்து வந்துவிட்டது, வேண்டுமானால் போர்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை வீட்டு லட்சுமியை வெளியே அனுப்பக் கூடாது என்று அக்காவும் சொல்கிறாள், நீங்கள் பார்த்திருக்கிற நாளே சரியில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தாங்கள் வர வேண்டாம். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் வேண்டாம். குழந்தையைத் தருவதாக இல்லை. என்மேல் கோபப்பட்டுக்கொள்ளுங்கள், வானதியிடம் என்னைப் பற்றி எதுவேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். என் முடிவு இதுதான்.

மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டேன், சிறியவன் பேச்சைப் பெரிய மனசோடு பொறுத்துக்கொள்ளவும். மயூரநாதர் தங்கள் முழங்காலைக் காப்பாற்றட்டும். அக்கா தன் நமஸ்காரத்தைச் சொல்லச் சொன்னாள். மூஸா பாய் சலாம் சொல்லச் சொன்னார்.

தங்கள் அன்பிற்கும் கோபத்திற்கும் உரிய
மாப்பிள்ளை
தமிழரசன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன்னால், சந்தோஷப்படுவாள் என்று நினைத்துக் கடைசிப் பகுதியைக் குந்தவைக்குப் படித்துக் காட்டினேன். "தாத்தாவை வர வேணாம்னா எழுதியிருக்க?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். நீதானே எல்லா வெள்ளிக்கிழமையையும் கிழித்தாய் என்றேன். "என்னைக் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னுதான் கிழிச்சேன். தாத்தா வரக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்லையே. தாத்தா பாவம்ப்பா. தனியாத்தான் சாப்பிடறாங்களாம். பேச்சுக்குரல் கேக்கணும்னு டிவியைப் போட்டுக்கிட்டுச் சாப்பிடுவாங்களாம். போன்ல என்கிட்டச் சொன்னாங்க. அப்பாகிட்டச் சொல்லாதேன்னாங்க" என்றாள். மாமா, நீங்கள் கர்சிவ் என்று எழுதியதை நானும் கர்சிவ் என்றே படித்துவிட்டேன். மேலே எழுதிய அத்தனையையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பேனா மை தீர்ந்துகொண்டிருக்கிறது, இல்லாவிட்டால் நானே அடித்திருப்பேன். அடுத்த வெள்ளிக்கிழமை கண்டிப்பாக வாங்க. வேட்டி சட்டையெல்லாம் கூடுதலாகவே எடுத்துக்கிட்டு வாங்க, வீட்டைப் பூட்டி மாடிக் குடித்தனக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வாங்க. ராத்திரிக்கு உங்களுக்கு இட்லியா, கோதுமைக் கஞ்சியா என்று அக்கா கேட்கச் சொன்னாள்.